மீன் டின்னில் நீல முத்திரை: அது சொல்வதும் சொல்லாததும்

பேரங்காடிகளில் விற்கப்படும் சில டின் மீன்களிலும் உறைந்த மீன் பொட்டலங்களிலும் நீல நிறத்தில் மீன் வடிவ முத்திரை ஒன்று இருப்பதைப் பயனீட்டாளர்கள் கவனித்திருக்கலாம். அது எம்.எஸ்.சி. எனப்படும் மரின் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சிலின் முத்திரை. மீன் புதியதா, ருசியானதா என்பதை அது சொல்வதில்லை. பிடித்த இடத்தில் நாளைக்கும் மீன் இருக்கும்படி பிடித்தார்களா என்பதையே சொல்கிறது.

எப்படித் தொடங்கியது?

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் பல நூற்றாண்டுகளாகக் காட் மீன் பிடிக்கப்பட்டு வந்தது. பெரிய இழுவைக் கப்பல்கள் அளவின்றி அள்ளியதால் மீன்வளம் சரிந்து, 1992இல் அரசாங்கம் தடை விதித்தது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தனர். இந்தச் சரிவுக்குப் பிறகு, 1997இல் டபள்யூ.டபள்யூ.எஃப். அமைப்பும் யூனிலீவர் நிறுவனமும் இணைந்து எம்.எஸ்.சி.யைத் தோற்றுவித்தன. பின்னர் அது தனி அமைப்பானது.

எதைச் சோதிக்கிறார்கள்?

மீன் போதிய அளவில் பெருகி இருக்கிறதா, மற்ற கடல் உயிர்களுக்குச் சேதம் குறைவா, சட்டதிட்டம் முறையாக நடக்கிறதா ஆகிய மூன்றையும் வெளித் தணிக்கையாளர்கள் ஆராய்கின்றனர். சான்றிதழ் அதிகபட்சம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். இடையில் ஆண்டுதோறும் தணிக்கை உண்டு. தவறினால் நிறுத்தி வைக்கப்படும். வடகிழக்கு அட்லாண்டிக் மெக்கரல் மீனுக்கு 2019இல் அதுவே நடந்தது. வளர்ப்பு மீன், இறாலுக்கு ஏ.எஸ்.சி. என்ற வேறு முத்திரை உள்ளது.

அஷ்டமுடி தரும் பாடம்

கேரளாவில் கொல்லத்தை ஒட்டிய அஷ்டமுடி ஏரியில் கிடைக்கும் மட்டி, நம் சந்தைகளில் 'லாலா' என்று விற்கப்படும் வகையைச் சேர்ந்தது. வியட்நாம், தாய்லாந்து, மலேசியா ஆகிய நாடுகளின் தேவையால் 1980களில் அங்கே மட்டி வணிகம் வளர்ந்தது. 1991இல் ஆண்டுக்கு 10,000 டன்னை எட்டிய அறுவடை, 1993க்குள் பாதியாகக் குறைந்தது.

அதன் பிறகு டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான இனப்பெருக்கக் காலத்தில் மட்டி எடுப்பது நிறுத்தப்பட்டது. சிறு மட்டி தப்பிக்கும்படி வலைக்கண் அளவு நிர்ணயிக்கப்பட்டது. இயந்திரம் கொண்டு அள்ளுவதும் தடை செய்யப்பட்டது. வளம் மீண்டது. 2014இல் எம்.எஸ்.சி. சான்றிதழ் பெற்ற இந்தியாவின் முதல் மீன்பிடித் தொழிலாக அது அமைந்தது. அங்கே வேலை செய்வோர் பெரும்பாலும் சிறு மீனவர்களே.

முத்திரை இல்லாவிட்டால்?

தணிக்கைச் செலவை மீன்பிடித் தரப்பே ஏற்க வேண்டும். சிறு படகு வைத்திருப்பவர்களுக்கு அது பெரும் சுமை. ஆகவே காலைச் சந்தையில் முத்திரையின்றி விற்கப்படும் மீன் தவறாகப் பிடிக்கப்பட்டது என்று முடிவு செய்துவிடக் கூடாது.

மீன்காரரிடம் எங்கே, எந்த வலையில் பிடித்தது என்று கேட்கலாம். வளராத குஞ்சு மீன்களையும் முட்டை நண்டுகளையும் தவிர்க்கலாம். அஷ்டமுடியின் மட்டி வளம் குறைந்ததில் நம் நாட்டுச் சமையலறைகளுக்கும் ஒரு பங்கு இருந்தது. வாங்குபவர் கேட்டால் விற்பவரும் கவனிப்பார்.