வானொலியும் விலைகொடுத்த பாட்டும்: ஒரு வரலாற்று நோக்கு

பெருங்கம்பனி எதனையும் சாராது, தன் செலவிலே பாடலொன்றைப் பதிவுசெய்து வெளியிடும் இசைஞன் இன்று எதிர்நோக்கும் வினாக்களுள் ஒன்று, இணைய வானொலியில் தன் பாடல் ஒலிப்பதற்குப் பணம் கொடுக்கலாமா என்பதாகும். வணிகப் பொருள் எதற்கும் விளம்பரம் வேண்டுமாதலால் பாட்டுக்கும் அது வேண்டும் என்பர் ஒருசாரார். இது கைக்கூலியின் மறுவடிவம் என்பர் மற்றொரு சாரார். இருசாராரும் இவ்வினா இணையத்தோடு பிறந்தது எனக் கருதுவது போலத் தோன்றுகின்றது. உண்மையில் இதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றைப் புறக்கணித்து இவ்வினாவுக்கு விடை காண முயல்வது பயன் தராது.

இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவின் அனுபவத்தையே பெரிதும் ஆதாரமாகக் கொள்கின்றது. அங்கு வானொலி தொடக்கம் முதலே தனியார் வாணிபமாக வளர்ந்தமையும், பாட்டுக்குப் பணம் வாங்கும் வழக்கம் சட்டமன்றம் வரை சென்று விசாரிக்கப்பட்டமையும் இதற்குக் காரணங்களாகும்.

வானொலி தோன்றுமுன்னரே இவ்வழக்கம் வேரூன்றிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க இசை வாணிபம் என்பது அச்சிட்ட இசைத்தாள் வாணிபமே. மேடையிற் பாடகர் பாடிய பாட்டைக் கேட்டவர்கள் அதன் இசைத்தாளை வாங்கி வீட்டுப் பியானோவில் வாசித்தனர். எனவே, மேடையில் எப்பாட்டுப் பாடப்படுகின்றதோ அதுவே விற்பனையாயிற்று. 1892ஆம் ஆண்டளவில் சார்ள்ஸ் ஹரிஸ் என்பார் தமது பாடலொன்றைப் பிரபலமான நாடகமொன்றிற் பாடுவிப்பதற்காகப் பாடகர் ஒருவருக்குப் பணமும் விற்பனையிற் பங்கும் கொடுத்தார் எனக் கூறப்படும். அப்பாடலின் இசைத்தாள்கள் இலட்சக்கணக்கில் விற்பனையாயின. பின்னர் நியூயோர்க் நகரின் 28ஆம் வீதியைச் சூழ்ந்திருந்த வெளியீட்டாளர் யாவரும் இவ்வழியைப் பின்பற்றலாயினர்.

எல்லோரும் கொடுக்கத் தொடங்கியதும் கொடுப்பதனால் எவருக்கும் தனி நன்மை இல்லாதொழிந்தது. செலவு மட்டுமே எஞ்சியது. 1917இல் வெளியீட்டாளர்கள் இசை வெளியீட்டாளர் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவிப் பாடகர்களுக்குப் பணம் கொடுப்பதில்லை எனத் தமக்குள் உடன்பட்டனர். ஒழுக்க உணர்வைக் காட்டிலும் செலவைக் குறைக்கும் நோக்கமே இதற்கு வலுவான காரணமாயிற்று எனலாம். அவ்வுடன்பாடும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 'பேயோலா' என்னும் கொச்சைச் சொல் பின்னர் இவ்வழக்கத்திற்குரிய பெயராயிற்று. கொடுத்தல் என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லுடன், 'விக்ட்ரோலா' போன்ற இசைப்பெட்டிப் பெயர்களின் ஈற்றைச் சேர்த்து அமைந்தது அது என்பர்.

வானொலி பரவத் தொடங்கியபோது சட்டம் ஓர் எளிய கொள்கையை வகுத்தது. பணம் பெற்று ஒலிபரப்பப்படும் நிகழ்ச்சி எதுவாயினும், அதற்குப் பணம் கொடுத்தவர் யார் என்பது அறிவிக்கப்படல் வேண்டும் என 1927ஆம் ஆண்டின் வானொலிச் சட்டம் விதித்தது. 1934ஆம் ஆண்டின் தொடர்பாடல் சட்டமும் அவ்விதியைத் தன் 317ஆம் பிரிவில் ஏற்றுக்கொண்டது. பணம் வாங்குவதை இவ்விதி தடைசெய்யவில்லை என்பதும், அதனை மறைப்பதையே தடைசெய்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கவை. இக்கட்டுரையின் இறுதியில் இவ்வேறுபாடு மீண்டும் நோக்கப்படும்.

1950களில் நிலைமை அடியோடு மாறிற்று. வானொலியின் நாடகங்களையும் நட்சத்திரங்களையும் தொலைக்காட்சி கவர்ந்து கொள்ளவே, வானொலி நிலையங்கள் இசைத்தட்டுக்களை நம்பி வாழ வேண்டியனவாயின. 1949இல் ஆர்.சி.ஏ. விக்டர் கம்பனி அறிமுகஞ்செய்த 45 சுழற்சிச் சிறுதட்டு மலிவாகக் கிடைத்தது. சிக்காகோவின் செஸ், மெம்பிஸ் நகரின் சன், நியூயோர்க்கின் அட்லாண்டிக் முதலிய சிறு கம்பனிகள், பெருங்கம்பனிகள் பொருட்படுத்தாத கறுப்பின மக்களின் இசையைத் தட்டுக்களாக வெளியிட்டன. நிலையங்களின் வாயிற்படியில் வந்து குவிந்த தட்டுக்களுள் எதனைச் சுழற்றுவது என்பதை இசைத்தட்டு அறிவிப்பாளர் ஒருவரே தீர்மானித்தார். சிறிய சம்பளம் பெற்ற ஊழியர் ஒருவரின் கையிற் பெரிய அதிகாரம் வந்து சேர்ந்தது. பணம் அவரைத் தேடிச் சென்றதில் வியப்பில்லை.

இக்காலத்தின் முதன்மையான உருவம் அலன் பிறீட் ஆவார். கிளீவ்லாந்து நகரிற் கறுப்பினக் கலைஞரின் பாடல்களை வெள்ளையின இளைஞர்க்கும் அறிமுகஞ்செய்த இவர், 1954இல் நியூயோர்க் சென்று, 'றொக் அன் றோல்' என்னும் பெயரை நாடறியச் செய்தார். அவரது பணி பெரிது. அதே வேளை, அவர் பெற்ற ஆதாயமும் சிறிதன்று. சக் பெரி இயற்றிய 'மேபலீன்' என்னும் பாடல் 1955இல் வெளிவந்தபோது, அதன் ஆக்கியோருள் ஒருவராகப் பிறீட்டின் பெயரும் பதிவாகியிருந்தது. பாட்டை இயற்றாதவர் ஒருவர் அதனை ஒலிபரப்புவதற்குக் கூலியாக அதன் உரிமைப்பணத்திற் பங்கு பெற்றார். 1986இலேதான் அப்பாடலின் முழு உரிமையும் பெரியிடம் மீண்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, ஒலிபரப்பின் விலையை அவ்விசைஞர் தம் உழைப்பிலிருந்தே செலுத்தி வந்தார் என்பதே இதன் பொருள். விளம்பரச் செலவு என்னும் சொல் இத்தகைய கொடுப்பனவை விளக்கப் போதுமானதா என்பது சிந்தனைக்குரியது.

1959இல் தொலைக்காட்சி வினாவிடைப் போட்டிகள் சில முன்னேற்பாட்டுடன் நடத்தப்பட்டமை அம்பலமாயிற்று. அதனை விசாரித்த பிரதிநிதிகள் சபையின் உபகுழு, ஓரன் ஹரிஸ் என்பாரின் தலைமையில், 1960 பெப்ரவரியில் இசைத்தட்டு அறிவிப்பாளர்பாற் கவனத்தைத் திருப்பிற்று. அதற்கு முன்னரே, பணம் பெறவில்லையென எழுத்தில் உறுதிகூற மறுத்தமையாற் பிறீட் டபிள்யூ.ஏ.பி.சி. நிலையத்திலிருந்து விலக்கப்பட்டார். இசைத்தட்டு, வெளியீட்டுக் கம்பனிகள் பலவற்றிற் பங்கு கொண்டிருந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியாளர் டிக் கிளார்க்கோ, தம் வலையமைப்பின் வற்புறுத்தலால் அப்பங்குகளைக் கைவிட்டுத் தம் நிகழ்ச்சியைத் தொடர்ந்தார். பிறீட் 1962இல் வணிகக் கைக்கூலிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதிமன்றம் விதித்த தண்டம் 300 டொலர் மட்டுமே. ஆயினும் அவரது வாழ்வு அத்துடன் நொறுங்கிற்று. 1965இல், தமது நாற்பத்து மூன்றாம் வயதில், அவர் மறைந்தார். கம்பனிகளில் மூலதனமிட்டவர் நிலைத்தார். கையிற் பணம் வாங்கியவர் வீழ்ந்தார். விசாரணைகள் எவரைத் தண்டித்து எவரைத் தப்பவிடுகின்றன என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

1960 செப்டெம்பரிற் சட்டம் திருத்தப்பட்டது. அறிவிக்காது பணம் வாங்குவதும் கொடுப்பதும் 10,000 டொலர் வரை தண்டமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றமாயின.

இவ்விசாரணையின் பின்னணியையும் நோக்குதல் வேண்டும். 1914இல் நிறுவப்பட்ட பாடலாசிரியர், வெளியீட்டாளர் சங்கத்திற்கும், வானொலி நிலையங்கள் 1939இல் நிறுவிய போட்டி அமைப்புக்கும் நெடும்பகை நிலவிற்று. புதிய இசையின் பெரும்பகுதி பின்னையதன் உரிமையில் இருந்தது. அவ்விசை பணத்தினாலன்றித் தன் தகுதியினாற் பரவியிருக்க முடியாது என்பது முன்னையதன் வாதம். பொருளியல் அறிஞர் ரொனால்ட் கோஸ், 1979இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், பேயோலாவைத் தடைசெய்வது பெரும்பாலும் பழைய, பெரிய நிறுவனங்களுக்கே நன்மை பயந்தது எனக் காட்ட முயன்றார். பெரிய கம்பனிக்குப் புகழ்பெற்ற பாடகரும் விற்பனையாளரும் உண்டு. சிறிய கம்பனிக்குக் கையிலுள்ள சிறுதொகை தவிர வேறு கருவி இல்லை. அக்கருவியைப் பறிப்பது போட்டியைப் பறிப்பதாகும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இவ்வாதம் எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. 1950களின் சிறு கம்பனிகளைப் பொறுத்தவரை அதிற் கணிசமான உண்மை உண்டு. ஆனால் அடுத்த அரைநூற்றாண்டின் வரலாறு அதற்கு மாறாகவே அமைந்தது. 1970களின் இறுதியிலும் 1980களிலும் பெருங்கம்பனிகள் நேரே பணம் கொடாது, 'சுயாதீன ஊக்குவிப்பாளர்' எனப்பட்ட இடைத்தரகர்களை அமர்த்தின. 1986இல் என்.பி.சி. தொலைக்காட்சி அவ்வழக்கம் பற்றிய செய்தியை ஒளிபரப்பிய பின்னர் அவை தற்காலிகமாகப் பின்வாங்கின. 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் நிலைய உடைமைக்கான வரம்புகளைத் தளர்த்தவே, கிளியர் சனல் என்னும் ஒரே கம்பனி ஆயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களைத் தனதாக்கிக் கொண்டது. நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபர் எலியட் ஸ்பிற்சர் நடத்திய விசாரணைகளின் விளைவாக, 2005இல் சோனி பி.எம்.ஜி. ஒரு கோடி டொலரும், வோணர் 50 இலட்சம் டொலரும், 2006இல் யூனிவேர்சல் 1 கோடி 20 இலட்சம் டொலரும் செலுத்த உடன்பட்டன. 2007இல் நான்கு பெரும் வானொலிக் கம்பனிகள் 1 கோடி 25 இலட்சம் டொலரைச் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழுவுக்குச் செலுத்த இணங்கின. சுயாதீனக் கலைஞருக்கும் உள்ளூர்க் கலைஞருக்குமென 8,400 அரைமணி நேரப் பகுதிகளை ஒதுக்குவதாகவும் அவை உறுதியளித்தன.

ஏழையின் கருவியெனக் கோஸ் கண்டது முப்பது ஆண்டுகளுக்குள் செல்வரின் மதிலாக மாறியமையை இவை காட்டுகின்றன. விலைபோகும் பொருள் எதனையும் இறுதியில் மிகுதியாக விலைகூற வல்லவரே கைப்பற்றுவர். சிறியவர்க்கு அதில் முதல்நாள் இலாபம் உண்டு, மறுநாள் இல்லை.

இனி இணைய வானொலியை நோக்குவோம். அமெரிக்காவிலே சாதாரண வானொலி, பாடிய கலைஞருக்கு உரிமைப்பணம் எதனையும் செலுத்துவதில்லை. ஆனால் 1995, 1998ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி இணைய வானொலி செலுத்துதல் வேண்டும். அத்தொகையில் 50 வீதம் ஒலிப்பதிவின் உரிமையாளருக்கும், 45 வீதம் முதன்மைக் கலைஞருக்கும், 5 வீதம் ஏனைய இசைஞருக்கும் உரியது. தன் பதிவைத் தானே உடைமையாகக் கொண்ட இசைஞனுக்கு இது வரலாற்றில் முன்னொருபோதும் கிட்டாத வாய்ப்பாகும். அவன் பாடலை ஒலிப்போர் அவனுக்குக் கூலி கொடுக்கக் கடமைப்பட்டவர். அவ்வாறிருக்க, அவனே அவர்களுக்குக் கொடுக்கும் முறையும் உடன் தோன்றியது விந்தையே.

ஜாங்கோ என்னும் இணைய வானொலி, 2009இல், ஆயிரம் முறை ஒலிப்பதற்கு 30 டொலர் எனக் கட்டணம் அறிவித்தது. அவ்வாண்டுக்கெனப் பதிப்புரிமைக் கட்டணச் சபை விதித்திருந்த பொதுவீதம், ஒருவர் ஒருமுறை கேட்பதற்கு 0.0018 டொலர், பல நிறுவனங்கள் உடன்படிக்கை வாயிலாக அதனினும் குறைந்த வீதத்தைப் பெற்றன. பொதுவீதத்தையே கொள்ளினும், ஆயிரம் முறைக்கு 1 டொலர் 80 சதமே கிட்டும். இசைஞன் கொடுக்கும் விலை, அதே அளவு ஒலிப்புக்குச் சட்டம் அவனுக்குப் பெற்றுத்தரும் கூலியினும் பதினாறு மடங்கு பெரிது. முற்கால வானொலியில் ஒருமுறை ஒலித்த பாட்டை ஒரு நகரமே கேட்டது. இணையத்தில் ஒருமுறை என்பது ஒரேயொரு செவியாகும். அச்செவிக்குரியவர் சில கணங்களிற் பாட்டைத் தாண்டிச் செல்லவும் கூடும்.

2020இல் ஸ்பொட்டிபை நிறுவனம் இதற்கு வேறொரு வடிவம் கொடுத்தது. அதன் வானொலிப் பகுதியிலும் தானாகத் தொடரும் பகுதியிலும் ஒரு பாடலை முற்படுத்துவதற்கு ஈடாக, அவ்விடங்களில் ஈட்டும் உரிமைப்பணத்தில் 30 வீதத்தைக் கழித்துக்கொள்ளும் முறை அது. முற்பணம் இல்லையாதலால் இது கொடுப்பனவாகத் தோன்றுவதில்லை. ஆயின், 'மேபலீன்' பாடலின் உரிமைப்பணத்திற் பங்கு கேட்ட அறிவிப்பாளரின் முறைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை வரலாற்று மாணவன் எவ்வாறு காணாதிருப்பான்? அனைவரும் இம்முறையில் இணைவராயின் எவருடைய பாடலும் மற்றொன்றினும் முற்படாது. அனைவரது கூலியும் குறையும். 1917இல் இசைத்தாள் வெளியீட்டாளர் உணர்ந்ததும் இதுவே.

இணையத்தில் நேரப் பற்றாக்குறை இல்லை. நாளொன்றின் இருபத்துநான்கு மணிக்குள் ஒலிக்க வேண்டுமென்னும் நெருக்கடி ஒழிந்துவிட்டது. எனவே அங்கு விற்கப்படுவது ஒலிநேரம் அன்று. கேட்போரின் நம்பிக்கையே விற்கப்படுகின்றது. 'உமது சுவைக்கு ஏற்றதெனக் கண்டு இதனைத் தருகின்றோம்' என்று கூறி அளிக்கப்படும் பாட்டு, உண்மையில் விலைக்கு வாங்கப்பட்டதாயின், ஏமாற்றப்படுபவர் கேட்பவரே. மேலும், அமெரிக்கத் தொடர்பாடல் சட்டத்தின் அறிவித்தல் விதி உரிமம் பெற்ற ஒலிபரப்பு நிலையங்களுக்கே உரியது. உரிமம் வேண்டாத இணைய வானொலி அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றது. எண்பது, தொண்ணூறு ஆண்டுகளாகப் போராடி வகுத்த காப்பு, கருவி மாறியதும் பயனற்றதாயிற்று.

பணம் பெறுவது யாவும் இழுக்கு என்பது நம் கருத்தன்று. 1950இல் தொடங்கிய இலங்கை வானொலி வர்த்தக சேவை, விளம்பரதாரர் பணத்தினாலே வளர்ந்து, இந்திய உபகண்டம் முழுவதையும் தன் பாடல்களாற் கவர்ந்தது. 1952இல் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' என்னும் புகழ்பெற்ற ஹிந்தி நிகழ்ச்சி, பணம் கொடுத்த பற்பசையின் பெயரைத் தன் பெயராகவே கொண்டிருந்தது. யார் கொடுக்கின்றார் என்பதைக் கேட்பவர் அறிந்தே கேட்டனர். மறைவு இல்லாதவிடத்து விளம்பரம் நேர்மையான தொழிலாகும்.

ஆகவே, நாம் வரக்கூடிய முடிவு இது: பணம் பெற்று ஒலிக்கும் பாட்டு அவ்வாறே கேட்பவருக்கு அறிவிக்கப்படுமாயின், அதன் விலை யாவருக்கும் ஒன்றாக வெளிப்படையாக இருக்குமாயின், நிலையத்தின் சொந்தத் தெரிவிலிருந்து அது வேறுபடுத்தப்படுமாயின், இசைஞன் விரும்பின் கொடுக்கலாம், அது விளம்பரம். இவற்றுள் ஒன்று குறையினும் கொடுத்தலாகாது. அவ்வாறு கொடுப்பவன், தனக்குப் பின்வரும் ஏழை இசைஞன் கடக்கவேண்டிய வாயிலில் தன் கையாலேயே சுங்கச்சாவடி கட்டுகின்றான். எனினும் முழுப் பொறுப்பையும் தனித்து நிற்கும் கலைஞன்மீது சுமத்துவதும் நீதியன்று. 1927ஆம் ஆண்டின் எளிய விதியை இணையத்துக்கும் விரிப்பது சட்டமியற்றுவோர் கடன். பாட்டை இயற்றியவனும் கேட்பவனும் ஒருவரையொருவர் காணாத இவ்வாணிபத்தில், இடையே கைமாறும் பணத்தை இருவரும் அறிவதே அவ்விருவர்க்கும் உரிய முதற்பாதுகாப்பாகும்.