வழித்துணை: கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு நம்பிக்கையின் வரலாறு

சங்கப் புலவர்கள் போற்றிய மலைகளுள் கொல்லிமலை தனிச்சிறப்புடையது. வல்வில் ஓரி ஆண்ட மலை அது. காண்போரை மயக்கும் கொல்லிப்பாவை உறைந்ததாகப் பாடப்பெற்ற மலையும் அதுவே. அறப்பளீசுவரர் கோயிலால் சைவ உலகிலும் புகழ் பெற்றது. பழைய சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாயிருந்து, 1997-ஆம் ஆண்டு தனி மாவட்டமான நாமக்கல்லில் இன்று அடங்கியுள்ள இம்மலையின் மேற்கு அடிவாரத்தில் சேந்தமங்கலம் அமைந்துள்ளது. உயிர்த்தெழுந்த கிறிஸ்து அன்றாட வாழ்வில் உடன் வருகிறார் என்னும் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு இவ்வூரிலும் இம்மலையிலும் ஒரு வரலாறு உண்டு. அது காட்சிகளின் வரலாறு அன்று. நடந்த பாதங்களின் வரலாறு.

எம்மாவு வழி

லூக்கா எழுதிய நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில் ஒரு பயணம் பேசப்படுகிறது. ஆண்டவர் சிலுவையில் மாண்டபின், சீடர் இருவர் மனம் சோர்ந்து எருசலேமிலிருந்து ஏறத்தாழ 7 மைல் தொலைவிலுள்ள எம்மாவுக்கு நடந்து செல்கின்றனர். வழியில் அயலார் ஒருவர் வந்து சேர்ந்துகொள்கிறார். அவர் யாரென்று அவர்கள் அறியவில்லை. மாலையில் உணவுக்கு அமர்ந்து அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோதுதான் கண் திறக்கிறது. அக்கணமே அவர் மறைந்துவிடுகிறார். சீடரோ சோர்வு நீங்கி, அவ்விரவே வந்த வழியே திரும்புகின்றனர்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு உண்மைகள் பொதிந்துள்ளன. துணைவந்தவர் நடக்கும்போது அறியப்படவில்லை. உணவைப் பகிரும்போதே அறியப்பட்டார். அறிந்தவர்களும் அங்கேயே அமர்ந்துவிடவில்லை, எழுந்து நடந்தனர். வழித்துணை என்னும் சொல் தமிழ்ச் சமய மரபுக்குப் புதியதன்று. விரிஞ்சிபுரத்து இறைவனுக்கே வழித்துணைநாதர் என்று பெயரிட்ட நாடு இது. எனவே உடன் நடக்கும் கடவுள் என்ற எண்ணத்தை ஏற்கும் பக்குவம் இம்மண்ணுக்கு முன்பே இருந்தது எனலாம்.

சமவெளியில்

தத்துவ போதக சுவாமிகள் எனப்பெற்ற ராபர்ட் தெ நொபிலி, துறவுக் கோலத்தில் 1623-ஆம் ஆண்டு சேந்தமங்கலம், சேலம் பகுதிகளுக்கு வந்தார். இலண்டன் மிஷன் சங்கம் 1827-ல் சேலத்தில் பணி தொடங்கியது. எனினும், சமவெளியினர் மலைமேல் செல்ல அஞ்சினர். மலைக்காய்ச்சல் ஆளைக் கொல்லும் என்ற அச்சம் வெறும் கற்பனையன்று. மலேரியா அங்குக் கடுமையாக நிலைகொண்டிருந்தது.

1907-ஆம் ஆண்டு இந்தியா வந்த ஜெஸ்ஸி மான் பிராண்ட், ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சார்ந்தவர். கட்டடத் தொழில் அறிந்த குடும்பத்தில் பிறந்தவர். இலண்டனில் லிவிங்ஸ்டன் கல்லூரியில் அடிப்படை மருத்துவப் பயிற்சி பெற்றவர். சேந்தமங்கலத்தில் தங்கித் தமிழ் பயின்றவர், மலையை நோக்கினார். 1913-ல் அவர் மணந்த ஈவ்லின் கான்ஸ்டன்ஸ் ஹாரிஸ், இலண்டனில் செல்வந்தர் வீட்டில் பிறந்து ஓவியம் கற்றவர். மணமக்கள் மலையேறினர். வாழவந்தியில் ஜெஸ்ஸி மரத்தால் வீடு கட்டினார். 1914-ல் அவர்களுடைய மகன் பால் பிறந்தார்.

கஞ்சியும் கிணறும்

மலையாளிப் பழங்குடியினர் மருந்தை ஏற்றனர். பல் பிடுங்கவும் புண்ணுக்குக் கட்டுப்போடவும் வந்தனர். ஆனால் சமயத்தை ஏற்கவில்லை. பல ஆண்டுகள் ஒருவரும் சேரவில்லை. தங்கள் தெய்வங்களையும் உறவுகளையும் இழக்க நேருமோ என்ற அவர்களின் அச்சம் நியாயமற்றதன்று. ஓர் ஊர்ப் பூசாரி வெளிப்படையாகவே எதிர்த்து நின்றார்.

1918-ல் உலகெங்கும் பரவிய இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோய், இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அது மலையையும் அடைந்தது. நோயுற்றோரை உறவினரும் அணுக அஞ்சிய நாள்களில், பிராண்ட் தம்பதியர் கஞ்சி காய்ச்சி எடுத்துச் சென்று ஊட்டினர். எதிர்த்து நின்ற பூசாரியும் நோயில் வீழ்ந்தார். அவரை நாடிச் சென்றவர் அவர் வெறுத்த அவ்விருவரே. இறக்கும் தறுவாயில் அவர் தம் பிள்ளைகளை அவர்களிடமே ஒப்படைத்தார். இச்செய்தி மலையெங்கும் பரவியது. அதன்பின்னரே மலைமக்களுள் சிலர் அவர்கள் வழிபாட்டில் வந்தமர்ந்தனர். அப்பம் பிட்ட இடத்தில் எம்மாவுச் சீடர் கண்டதைக் கஞ்சிக் கலயத்தின் அருகே இவர்கள் கண்டனர் போலும்.

ஜெஸ்ஸியின் பக்தி மண்வெட்டியும் உளியும் ஏந்திய பக்தி. அக்காலத்தில் நரம்புச் சிலந்தி நோய் மலைமக்களை வாட்டியது. படிக்கிணற்றில் இறங்குவோரின் காற்புண்ணிலிருந்து புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கும். அவற்றைச் சுமக்கும் நுண்ணுயிரோடு நீரைப் பருகியவர் உடலில் ஓராண்டில் நீண்ட புழு வளரும். புண்ணிலிருந்து புழுவைச் சிறுகுச்சியில் சுற்றி நாள்தோறும் சிறிது சிறிதாக வெளியே எடுக்க வேண்டும். அறுந்தால் சீழ் பிடிக்கும். ஜெஸ்ஸி புழுக்களை எடுத்ததோடு நில்லாமல், கால் படாத சுற்றுச்சுவர்க் கிணறுகள் அமைக்கவும் முனைந்தார். இந்நோயிலிருந்து இந்தியா முழுமையாக விடுபட்டதென 2000-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

அவரும் அச்சம் அறியாதவர் அல்லர். தொழுநோயாளர் மூவர் வந்த ஒரு நாளைப் பால் பிராண்ட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, தந்தை கையுறை அணிந்து புண்களுக்குக் கட்டுப்போட்டார். தாய் உணவு வைத்துக் கொடுத்த கூடை பின்னர் எரிக்கப்பட்டது. அன்பு இருந்தது, அச்சமும் உடனிருந்தது. அம்மகனே 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிய கைகளைத் தம் கைகளால் பற்றி ஆராய்ந்து, அறுவையால் நிமிர்த்தினார். உணர்ச்சி இழப்பினால் நேரும் காயங்களே விரல்களை அழிக்கின்றன என்பதை உலகுக்கு உணர்த்தினார்.

பிரிவும் துணையும்

1929-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மலேரியாவின் கொடிய விளைவான, சிறுநீர் கறுத்துப்போகும் காய்ச்சலில் ஜெஸ்ஸி மறைந்தார். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த பதினான்கு வயதுப் பாலுக்குத் தந்தி முதலில் வந்தது. மறைவுக்கு முன் தந்தை எழுதிய கடிதம், கப்பல் தபாலில், அதன்பின் வந்து சேர்ந்தது. மாண்டவரின் குரல் உயிரோடு பேசியது. ஆயினும் கடிதம் கடந்தகாலத்தின் குரலே. நினைவில் வாழும் அன்பருக்கும், இன்றும் உடனிருப்பதாக நம்பப்படும் ஆண்டவருக்கும் உள்ள வேறுபாடு இங்கே வெளிப்படுகிறது. ஈவ்லின் எதைப் பற்றி நின்றார் என்பதை அடுத்த நாற்பத்தைந்து ஆண்டுகள் காட்டின.

ஐம்பது வயதான கைம்பெண், தாயகம் சென்று மீண்டும் தனியே திரும்பினார். கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன், போதமலை, சித்தேரி ஆகிய மலைகளிலும் பணிசெய்ய வேண்டுமென்பது கணவரோடு கண்ட கனவு. மிஷன் அவரைப் பணியினின்று ஓய்வுபெறச் செய்தபோது அவருக்கு எழுபதை நெருங்கிய வயது. ஓய்வை ஏற்றுக்கொண்டார், ஊர் திரும்பவில்லை. தம் பொறுப்பிலேயே மலையேறினார். மட்டக்குதிரையிலும், பிற்காலத்தில் இரு மூங்கிற்கோல்களை ஊன்றியும், ஊர் ஊராகச் சென்றார். விழுந்து எலும்பு முறிந்தும் திரும்பவில்லை. ஓவியக் கலை பயின்ற அவர் இறுதி இருபது ஆண்டுகள் வீட்டில் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை.

1974-ஆம் ஆண்டு டிசம்பரில், 95-ஆம் வயதில், அவர் காலமானார். பெட்டி வேண்டா, பருத்தித் துணியில் சுற்றி மண்ணில் இட்டால் போதும் என்பது அவர் விருப்பம். கொல்லிமலையில் கணவர் அருகே அவ்வாறே அடக்கம் செய்யப்பெற்றார்.

தனிமையில் நடந்த ஒருவர் உண்மையிலேயே தனியாகத்தான் நடந்தாரா என்ற வினாவுக்கு வரலாற்றாசிரியன் சான்று காட்ட இயலாது. எம்மாவு வழியிலும் துணைவந்தவர் கண்ணுக்கு மறைந்துபோனார். எஞ்சியது, இருளில் எழுந்து திரும்பி நடந்த இருவரின் கால்தடமே. கொல்லிமலையிலும் எஞ்சியிருப்பது அத்தகைய கால்தடமே. அது சேந்தமங்கலத்திலிருந்து மேல்நோக்கிச் செல்கிறது.