சாவிக்கொத்து வைத்திருப்பவர்

கணினிக்குக் கடவுச்சொல் வைக்கும் வழக்கம் வேரூன்றிய இடங்களில் முதன்மையானது அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம். ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த உதவும் சி.டி.எஸ்.எஸ். அமைப்பை, பெர்னாண்டோ கொர்பாட்டோவின் குழு அங்கே 1961 நவம்பரில் இயக்கிக் காட்டியது. ஒருவர் கோப்பை இன்னொருவர் பார்க்கக் கூடாது என்பதற்காகவே ஆளுக்கொரு கடவுச்சொல் வைத்ததாகக் கொர்பாட்டோ பிற்காலத்தில் விளக்கினார். அப்படியானால் அந்தரங்கத்தைக் காக்கத்தானே அது பிறந்தது என்று கேட்கலாம். பாதி உண்மை. பயனரிடமிருந்து பயனரைக் காக்க அது போதும்; எல்லாருடைய சாவியையும் ஒரே கொத்தாக வைத்திருந்த அமைப்பிடமிருந்து காக்க அதனால் முடியவில்லை. ஆய்வு மாணவர் ஆலன் ஷெர் தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், 1962இல் கடவுச்சொல் கோப்பையே அச்சிடச் சொல்லித் துளை அட்டை ஒன்றைக் கொடுத்தார். கணினியும் மறுபேச்சின்றி அச்சிட்டுத் தந்தது. 1966இல் திருடரே தேவைப்படவில்லை. நிர்வாகிகள் இருவர் ஒரே சமயத்தில் இரு கோப்புகளைத் திருத்த, தற்காலிகக் கோப்புகள் இடம் மாறி, உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாகக் கடவுச்சொல் பட்டியல் கண்முன் வந்து நின்றது. இரண்டு முறையும் எந்தப் பயனரும் தன் சாவியைத் தொலைக்கவில்லை, கொத்துதான் கைமாறியது.

இதற்கு மாற்றும் பல்கலைக்கழகத்திலேதான் உருவானது. கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காமல், திரும்பப் பிரிக்க முடியாத வடிவத்துக்கு மாற்றி வைக்கும் உத்தியை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரோஜர் நீதம் வகுத்தார். 1979இல் பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் எழுதிய கட்டுரை அந்தச் சிந்தனையை விரிவாக்கியது. காவலர் தம்மையே சந்தேகித்துக்கொண்ட அருமையான தருணம் அது. மாணவர் பதிவேடுகளைப் பொறுத்தவரை அந்தச் சந்தேகம் வளாகத்துக்குள்ளிருந்து எழவில்லை. அமெரிக்க செனட்டர் ஜேம்ஸ் பக்லியின் முயற்சியால் 1974இல் வந்த சட்டமே, மாணவர் தம் பதிவேட்டைப் பார்க்கவும் அது பிறர் கைக்குப் போகாமல் தடுக்கவும் உரிமை தந்தது. அதன் பிறகும் அமெரிக்கக் கல்லூரிகள் பல, அரசு வழங்கும் சமூகப் பாதுகாப்பு எண்ணையே மாணவர் எண்ணாக நெடுங்காலம் வைத்திருந்தன. வங்கிக் கடன்வரை திறந்துவிடக்கூடிய எண் நூலக அட்டையிலும் தேர்வுப் பட்டியலிலும் உலவியது. பல்கலைக்கழகம் என்றால் திறந்த கதவு, கெடுபிடி செய்தால் ஆய்வு நின்றுவிடும் என்பது பழைய வாதம். ஆய்வுக் கட்டுரை ஊரெல்லாம் போகட்டும். மாணவரின் எண் எதற்குப் போக வேண்டும்?

2014 பிப்ரவரியில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் தரவுத்தளம் ஒன்று களவுபோனது. மாணவர், ஆசிரியர், ஊழியர் என ஏறத்தாழ 3 லட்சம் பேரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் அதில் இருந்தன. 1998 முதல் அடையாள அட்டை பெற்றவர்களின் விவரங்கள் அவை. பதிவேட்டைக் காலமெல்லாம் காப்பது பல்கலைக்கழகத்தின் கடமை, பட்டம் பெற்றவர் முப்பது ஆண்டு கழித்தும் சான்றிதழ் கேட்டு வருவாரே என்பார்கள். வருவார், கொடுக்கத்தான் வேண்டும். அவருக்குத் தேவை மதிப்பெண்ணும் பட்டமும். அவற்றை எடுத்துத் தரப் பல்கலைக்கழகமே வழங்கிய ஓர் எண் போதும். படித்து முடித்துப் போனவரின் அரசு எண் அதே தளத்தில் அத்தனை ஆண்டுகள் கிடந்ததற்கு, அழிக்க யாரும் பொறுப்பேற்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை.