பாப்கார்னுக்கே தடை இருந்த காலம்



தியேட்டர் வாசல்ல பையைத் திறந்து காட்டுறோம். உள்ள முறுக்குப் பாக்கெட் இருந்தா எடுத்து வெளிய வைக்கச் சொல்றாங்க. 'வெளி உணவுக்கு அனுமதி இல்லை' என்கிற அந்தப் பலகைக்கு ஒரு வரலாறு இருக்கு. அது தொடங்குறது அமெரிக்காவுல.

1920கள். அங்கே பெரிய நகரங்கள்ல இருந்த தியேட்டர்கள் தங்களை நாடக அரங்குகளுக்குச் சமமா நினைச்சுக்கிட்ட காலம். மேல சரவிளக்கு, கீழ விலை உயர்ந்த கம்பளம். ஓடினது மௌனப் படங்கள். இந்த இடத்துல யாராவது நறநறன்னு மென்னு, கம்பளத்துல சிந்தினா? அதனால, பாப்கார்னையே உள்ள விடல!

ஆனா தெருவுல அது கொடிகட்டிப் பறந்துச்சு. 1885லயே சிகாகோவில் சார்லஸ் க்ரெட்டர்ஸ் என்பவர் நீராவியில ஓடுற பாப்கார்ன் மெஷின் செஞ்சிருந்தார். தள்ளுவண்டிக்காரங்க தியேட்டர் வாசல்லயே கடை போட்டாங்க. ஜனங்க வாங்கிக் கோட்டுக்குள்ள ஒளிச்சு எடுத்துட்டுப் போனாங்க. 'கோட்டோட சேர்த்து பாப்கார்னையும் இங்கேயே கொடுத்துட்டுப் போங்க'ன்னு சில தியேட்டர்கள் பலகையே மாட்டின.

ரெண்டு விஷயம் இதைப் புரட்டிப் போட்டுச்சு. 1927க்குப் பிறகு பேசும் படங்கள் வந்தன. மெல்லுற சத்தம் அதுல அமுங்கிடுச்சு. 1929ல பங்குச் சந்தை சரிஞ்சு, பெருமந்தம் தொடங்குச்சு. கையில காசில்லாதவங்களுக்கும் 5, 10 சென்ட் பாப்கார்ன் கட்டுபடியாச்சு. தியேட்டர்காரங்க முதல்ல வியாபாரிகள்கிட்ட வாடகை வாங்கிக்கிட்டு இடம் கொடுத்தாங்க. அப்புறம், 'நாமே வித்தா என்ன?'ன்னு தோணிடுச்சு. இரண்டாம் உலகப் போர்ல சர்க்கரைத் தட்டுப்பாடு வந்து மிட்டாய் குறைஞ்சதும் பாப்கார்ன் ராஜாவாயிடுச்சு. 1945 வாக்குல அமெரிக்காவுல சாப்பிட்ட பாப்கார்ன்ல பாதிக்கு மேல தியேட்டர்லதான் தீர்ந்துச்சு.

கவனிச்சீங்களா? 'எதையும் சாப்பிடாதே' என்கிற தடை, 'நான் விக்கிறதை மட்டும் சாப்பிடு'ன்னு மாறிடுச்சு. டிக்கெட் பணத்துல பெரிய பங்கு விநியோகஸ்தருக்குப் போயிடும்; கேன்டீன் லாபம் தியேட்டருக்கே. கம்பளத்தைக் காப்பாத்த வந்த விதி, கல்லாவைக் காப்பாத்த நின்னுடுச்சு.

நம்ம நாட்டுல இது நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2018ல ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம், வெளி உணவைத் தடுக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு. 2023 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செஞ்சுது. தியேட்டர் தனியார் சொத்து, நிபந்தனை போட உரிமையாளருக்கு உரிமை உண்டு, விருப்பமில்லாதவங்க வாங்காம இருக்கலாம் என்பது வாதம். விசாரணையில தலைமை நீதிபதி சந்திரசூட் ஒரு உதாரணம் சொன்னார்: ஒருத்தர் ஜிலேபி சாப்பிட்டு சீட்டுல கை துடைச்சா, சுத்தம் பண்ற செலவு யாருது? நூறு வருஷத்துக்கு முந்தைய கம்பளக் கவலை திரும்ப வந்துடுச்சு!

'வாங்காம இருக்கலாம்' என்கிறது எனக்கு முழுசா ஒத்துவரல. மூணு மணி நேரப் படத்துல, சர்க்கரை நோய் இருக்கிற ஒருத்தருக்கு அந்த 'விருப்பம்' எவ்வளவு தூரம் உதவும்?

ஆனா அதே உத்தரவுல நமக்கு ரெண்டு விஷயம் இருக்கு. சுத்தமான குடிதண்ணி தியேட்டர்ல இலவசமா கிடைக்கணும். கைக்குழந்தைக்கு வேண்டிய அளவு உணவைப் பெத்தவங்க உள்ள கொண்டு போகலாம். இதெல்லாம் அந்தப் பலகையில எழுதியிருக்காது. அடுத்த தடவை பாட்டிலை வாங்கி வெச்சுக்கிட்டா, 'சரி, குடிதண்ணி எங்கே இருக்கு?'ன்னு கேளுங்க.