மலையேறி வருபவருக்கு விதி சொல்வது யார்?

சொகுசுக் கப்பலில் பயணம் போகிறவர்களுக்கு, கப்பல் துறைமுகத்தை விட்டு விலகும் வேளையிலேயே சில விதிகள் சொல்லப்படுகின்றன. அபாய ஒலி கேட்டால் எந்தத் தளத்தில் கூட வேண்டும், உயிர்காப்பு அங்கியை எப்படி மாட்ட வேண்டும், அறைக்குள் எதைப் பற்றவைக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாக விளக்குவார்கள். இந்த விதிகள் பட்டு அறிந்த பாடங்கள். 1912-இல் டைட்டானிக் மூழ்கிய பிறகுதான் 1914-இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் பன்னாட்டு உடன்படிக்கை எழுதப்பட்டது. 2012 ஜனவரி 13-இல் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கன்கார்டியா பாறையில் மோதி 32 பேர் உயிரிழந்தபோது, அன்று மாலை ஏறிய பல நூறு பயணிகளுக்கு அவசரகாலப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. கப்பல் புறப்படுமுன்னரோ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்று விதி பின்னர் திருத்தப்பட்டது. இதில் ஒரு நியாயம் இருக்கிறது. சேதம் நேர்ந்தால் பொறுப்பேற்க வேண்டியவர் கப்பலின் கேப்டன். ஆகவே பயணிக்கு விதி சொல்லும் உரிமையும் அவருக்கே. சீட்டுக்குப் பணம் கொடுத்தவன் நான், என் விருப்பப்படி நடப்பேன் என்று அங்கே யாரும் வாதிடுவதில்லை.

இதே நியாயத்தை நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு முரண் தெரியும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் அந்த மேட்டுநிலத்துக்கு வருகிற பயணி, தனக்கு விதி சொல்ல அங்கே யாருக்கும் உரிமை உண்டு என்று நினைப்பதில்லை. சேதத்தைச் சுமப்பவர்களோ அங்கேயே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளிகளோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் அந்தப் பெயரைத் தாங்கும் தமிழ் மக்கள். கொல்லிமலைக்கு வருவோர் எப்படி நடக்க வேண்டும் என்ற ஒழுங்கு இன்று நேற்றுப் பிறந்ததல்ல. பல நூற்றாண்டுகள் அது மலையில் வாழ்பவர்களின் கையில் இருந்தது. சாலை வந்த பிறகே அது கை நழுவியது. அதை அவர்களிடம் திரும்பக் கொடுப்பதே வருகிறவருக்கும் இருப்பவருக்கும் நல்லது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

கொல்லிமலைக்கு வந்த விருந்தினரைப் பற்றிய மிகப் பழைய பதிவு புறநானூற்றில் இருக்கிறது. வன்பரணர் பாடிய 152-ஆம் பாட்டில் பாணர் கூட்டம் ஒன்று காட்டில் ஒரு வேட்டுவனைச் சந்திக்கிறது. ஒரே அம்பில் யானை தொடங்கி உடும்பு வரை வீழ்த்திய வில்லாளி அவன். அவனது தோற்றத்தைக் கண்டு வியந்த பாணர்கள் இசைக்கருவிகளை எடுத்துத் தமக்குத் தெரிந்த முறைப்படி பாடுகிறார்கள். முடிவில் அந்நாட்டுத் தலைவன் ஓரியைக் குறித்துக் 'கோ' என்று சொல்கிறார்கள். அது தன்னைக் குறிக்கும் பெயர் என்பதால் அவன் நாணுகிறான். வேட்டையாடிய மானின் இறைச்சியையும் மதுவையும் தந்து, மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் சேர்த்துக் கொடுக்கிறான். வல்வில் ஓரியின் கொடைச் சிறப்பாகத்தான் இந்தப் பாட்டை வழக்கமாக எடுத்துக்காட்டுவார்கள். அதில் இரு தரப்பு ஒழுங்கும் இருக்கிறது. விருந்தளிப்பவன் கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவதில்லை. விருந்தினர் வெறுங்கையோடு வாங்கிக்கொள்வதில்லை. முதலில் தம் கலையைக் கொடுத்துவிட்டே பெறுகிறார்கள். அடுத்த பாட்டில், ஓரியிடம் பெற்ற பரிசிலின் மிகுதியால் ஆடவும் பாடவும் மறந்துபோன பாணர்களையும் அதே புலவர் காட்டுகிறார். விருந்து மிகுந்தால் விருந்தினர் தம் கடமையை மறப்பார்கள் என்பதை நம் முன்னோர் அன்றே கவனித்திருக்கிறார்கள்.

பாணர்கள் யாழோடு வந்த அதே மலைக்கு வேறு சிலர் படையோடும் வந்தார்கள். மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்தான் என்று சங்கப் பாடல்கள் சொல்கின்றன. வருகிறவர்களில் இரு வகை உண்டு என்பதை மலை அன்றே அறிந்திருந்தது. கொல்லிப்பாவை பற்றிய மரபையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். காற்றும் மழையும் இடியும் தாக்கினாலும் தன் அழகு மாறாமல் நிற்கும் பாவை என்று நற்றிணை அவளைச் சொல்கிறது. பிற்கால மரபு, அழகால் மயக்கி அத்துமீறுவோரை அழிக்கும் காவல் தெய்வமாக அவளைக் காண்கிறது. எட்டுக்கை அம்மன் கோயிலில் இன்றும் அவளை வழிபடுகிறார்கள். வெளியாருக்கு இந்தக் கதை சொன்னது ஒன்றுதான்: மலையின் அழகை நாடி வா, அதன் எல்லையை மீறாதே.

பக்தி இயக்க காலத்தில் மலையேறி வந்தவர்கள் பக்தர்கள். கொல்லி அறப்பள்ளி தேவாரத்தில் குறிப்பிடப்படும் வைப்புத் தலம். பெரியகோயிலூரில் ஐயாற்றின் கரையில் இருக்கும் அறப்பளீசுவரர் கோயிலுக்கு ஆடிப்பெருக்கில் கீழ்நாட்டிலிருந்து மக்கள் இன்றும் திரண்டு வருகிறார்கள். இங்கே ஒரு வழக்கம் கவனத்துக்குரியது. ஆற்றில் இருக்கும் மீன்களைப் பிடிக்கக் கூடாது. இறைவனைக் கும்பிடுமுன் அவற்றுக்கு உணவு போட வேண்டும். அறுத்துக் குழம்பில் இட்ட மீன் மீண்டும் உடல் பொருந்தி ஆற்றில் துள்ளியது என்று கோயில் கதை சொல்கிறது. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். வழக்கம் செய்த வேலையை யாரும் மறுக்க முடியாது. ஆயிரக்கணக்கானோர் கூடும் திருவிழாவில், கூட்டத்தின் பசிக்கு முதலில் பலியாவது ஆற்று மீனாகத்தான் இருக்கும். அந்த மீனை இறைவனுக்கு முன் வைத்ததால், காவலர் இல்லாமலே ஆற்றின் ஒரு பகுதி காக்கப்பட்டது. இதே தண்ணீர்தான் ஆகாயகங்கை அருவியாக விழுந்து, புளியஞ்சோலை வழியாகக் கீழ்நாட்டுக்கு இறங்குகிறது. மேலே நின்று மீனுக்கு உணவிட்டவர், தம்மை அறியாமலே கீழே இருக்கும் தம் ஊருக்கும் காவல் செய்தார்.

ஒழுக்கம் என்ற பொருளில் கொல்லிமலையோடு இணைந்த நூல் ஒன்றும் இருக்கிறது. சீர்காழி அருணாசலக் கவிராயரின் மகனான அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகம் அது. சகுனம் பார்ப்பது, எண்ணெய் தேய்த்து முழுகும் நாள், நல்ல மனைவி, நல்ல ஆசான் என்று வாழ்க்கையின் பல ஒழுங்குகளை நூறு பாடல்களில் தொகுத்து, ஒவ்வொன்றையும் கொல்லிமலை இறைவனை விளித்து முடிக்கிறார். நூலின் அருமையில் ஐயமில்லை. ஆனால் அதில் பேசுகிறவர் சமவெளிப் புலவர்; அவர் சொல்லும் ஒழுங்கு சமவெளிக் குடும்பத்தின் ஒழுங்கு. மலையின் இறைவன் கேட்பவராக இருக்கிறார். மலையின் மக்கள் பேசுபவர்களாக இல்லை. இந்த வேறுபாட்டைக் குறித்துக்கொள்வது தேவை. ஏனெனில் பின்னாளில் நடந்ததற்கு இது முன்னறிகுறி: மலையின் பெயரால் விதி எழுதும் வேலை மெல்ல மெல்லக் கீழ்நாட்டுக்குப் போனது.

ஆனாலும் வழி கடினமாக இருந்த வரை மலையின் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. சாலை இல்லாத காலத்தில் மலையேற வேண்டுமானால் வழிகாட்டி வேண்டும், சுமை தூக்குவோர் வேண்டும், நடக்க முடியாதவரை டோலியில் தூக்கிச் செல்ல ஆள் வேண்டும். மலைக்காய்ச்சல் என்று மக்கள் அஞ்சிய மலேரியா கீழ்நாட்டார் பலரை அடிவாரத்தோடு நிறுத்தியது. மேலே போனால் ஊர்க்கவுண்டரையும் நாட்டாரையும் கேட்டே தங்க வேண்டும். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, திண்ணனூர் நாடு என்று நாடுகளாகப் பிரிந்து, தம் வழக்குகளைத் தாமே தீர்த்துக்கொண்ட சமூகம் அது. அந்த 14 நாடுகளே இன்று 14 ஊராட்சிகளாக இருக்கின்றன. அங்கே விருந்தினர் உயிரோடு திரும்புவதே ஊராரின் தயவில் இருந்தது. அந்தச் சார்பே விருந்தினரைப் பணிவு உள்ளவராக்கியது.

இந்தக் காலத்தின் கடைசிக் கட்டத்துக்கு நல்ல சாட்சி பிராண்ட் குடும்பம். ஜெஸ்ஸி பிராண்டும் மனைவி எவலினும் 1913-இல் மிஷனரிகளாகக் கொல்லிமலையில் குடியேறினார்கள். 1914-இல் அவர்களுக்குப் பிறந்த மகன் பால் பிராண்ட், பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்து உலகப் புகழ்பெற்ற அறுவை மருத்துவர். 1929-இல் ஜெஸ்ஸி மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். பால் பிராண்ட் தம் சிறுவயதை நினைத்து எழுதிய 'ஒரு கைப்பிடிச் சேறு' என்ற ஆங்கிலக் கட்டுரையில் ஒரு செய்தி வருகிறது. மலைச்சரிவின் படிக்கட்டு வயல்களில் சிறுவர்கள் தவளை பிடித்து விளையாடுகிறார்கள். சேறு கலங்கி வரப்பு தாண்டி ஓடுகிறது. வயல்களுக்கு நீர் பங்கிடும் பெரியவர், பிள்ளைகள் தாத்தா என்று அழைப்பவர், அவர்களை நிறுத்தி ஓடும் சேற்றைக் காட்டுகிறார். அந்தச் சேறு இந்த ஆண்டும், இனி வரும் எல்லா ஆண்டும் சோறு விளைவிக்க வேண்டிய மண். ஒருமுறை மலையிறங்கிப் போனால் அது திரும்ப மேலே ஏறாது என்று விளக்குகிறார். ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொன்ன அதே விதியை வெள்ளைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் அவர் சொன்னார். ஆட்சியில் இருந்த இனத்துப் பிள்ளை என்று தயங்கவில்லை. மண் போனால் பட்டினி கிடக்கப் போவது தம் பேரப்பிள்ளைகள் என்பதால் அந்த உரிமை தமக்கு உண்டு என்று அவருக்குத் தெரியும். கேப்டனின் அதிகாரம் எங்கிருந்து வருகிறதோ, தாத்தாவின் அதிகாரமும் அங்கிருந்தே வருகிறது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வாகனச் சாலை மேலே வந்தது. அதனால் மலைக்குக் கிடைத்த நன்மையை யாரும் குறைத்துச் சொல்லக் கூடாது. பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணை இப்போது டோலியில் தூக்கி இறக்க வேண்டியதில்லை. மிளகும் பலாவும் அன்னாசியும் சோளக்காடு சந்தையிலிருந்து வெளியூர் போகின்றன. பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். அதே சாலை விருந்தினரையும் மாற்றியது. காலையில் ஏறி மாலையில் இறங்குகிறவருக்கு ஊராரின் தயவு தேவையில்லை. வழிகாட்டியின் இடத்தைப் பலகையும், விருந்தின் இடத்தை விடுதியும் பிடித்தன. இன்று வருகிறவர் படிக்கும் அறிவுரைகளைப் பாருங்கள். வளைவில் ஒலி எழுப்புங்கள், மெதுவாகச் செல்லுங்கள், அருவிக்குப் போக ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் உண்டு, தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். எல்லாம் பயனுள்ளவை; எல்லாமே வருகிறவரின் உடலைக் காப்பதற்கானவை. மலையைக் காப்பதற்கான விதி அதில் அரிது. ஆற்றில் சோப்புப் போட்டுக் குளிக்காதே, குரங்குக்குத் தின்பண்டம் வீசாதே, வயல் வரப்பில் வண்டியை ஏற்றாதே, பெண்களையும் வீடுகளையும் கேட்காமல் படம் எடுக்காதே என்று சொல்ல வேண்டியவர்கள் பழம் விற்கும் கூடைக்குப் பின்னால் பேசாமல் நிற்கிறார்கள்.

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு வலுவானது. பழைய வழக்கங்கள் எல்லாம் மண்ணையும் மீனையும் காக்கப் பிறந்தவையா? தீட்டு பார்ப்பது, சில சாதியாரை விலக்கி வைப்பது, பெண்களை ஒதுக்குவது ஆகியவையும் வழக்கத்தின் பெயரால் நடந்தவைதானே? உண்மை. தமிழகத்து ஊர் எதுவும் அந்தக் கறையிலிருந்து தப்பவில்லை, மலையும் விலக்கல்ல. ஆனால் இங்கே கேட்பது பழைய வழக்கங்களை அப்படியே மீட்க அல்ல, விதி வகுக்கும் உரிமையைக் கேட்கிறோம். அந்த உரிமை இன்று ஆண் தலைவர்கள் மட்டும் கூடும் பழைய கூட்டத்துக்குப் போக வேண்டியதில்லை. வயது வந்த ஒவ்வொருவரும் உறுப்பினராக இருக்கும் கிராமசபைக்குப் போகட்டும். அரசியல் சட்டம் அனுமதிக்காத விலக்கு எதுவும் அங்கே விதியாக முடியாது.

இரண்டாவது மறுப்பு: சாலை பொதுச் சொத்து, சட்டங்களும் ஏற்கெனவே இருக்கின்றன, தனியாக எதற்கு? சட்டம் இருப்பது சரிதான். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகமெங்கும் தடை உண்டு. குறுகிய மலைச்சாலையில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பதும் வாகன விதியில் உண்டு. ஆனால் எந்த ஓடையில் இறங்கலாம், எந்தத் தோப்பு தெய்வத்துக்கு விடப்பட்டது, எந்த மாதம் எந்தப் பாதை வழுக்கும் என்பவை சென்னையில் எழுதப்படும் ஆணைக்குத் தெரியாது. பழங்குடிப் பகுதிகளின் கிராமசபைகளுக்குச் சிறப்பு அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் இல்லாத தமிழகத்துக்குப் பொருந்தாது. ஆனால் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, காட்டையும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் தம் பண்பாட்டு மரபையும் காக்கும் அதிகாரத்தை உரிமை பெற்றவர்களுக்கும் கிராமசபைக்கும் தருகிறது. அந்தப் பிரிவை 14 ஊராட்சிகளும் விருந்தினர் ஒழுங்குக்கு அடிப்படையாகக் கொள்ளத் தடை இல்லை.

மூன்றாவதாக, விதி அதிகமானால் வருகிறவர் குறைவார், வருமானம் போகும் என்ற அச்சம். கப்பலின் வரலாறே இதற்கு விடை. விபத்துகளுக்குப் பின் விதிகள் இறுகினவே தவிரப் பயணிகள் ஓடிப்போகவில்லை. ஒழுங்கு உள்ள இடத்தையே குடும்பத்தோடு வருகிறவர் தேடுவார். கூட்டம் வந்து இரைந்து குடித்துப் புட்டியை அருவியில் வீசிவிட்டுப் போகும் வருகையால் ஊருக்கு வருமானம் சொற்பம், சுத்தம் செய்யும் செலவு அதிகம். சாமைச் சோறு உண்டு, ஊர்க்காரரை வழிகாட்டியாகக் கொண்டு, இரண்டு நாள் தங்குகிறவர் விட்டுச் செல்லும் பணம் ஊரிலேயே தங்கும்.

ஆகவே செய்ய வேண்டியது பெரிய திட்டமல்ல. ஆடி மாதத்தில் செம்மேட்டில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவுக்கு முன், ஒவ்வொரு நாட்டின் கிராமசபையும் கூடித் தன் எல்லைக்குள் வருகிறவர் நடக்க வேண்டிய முறையைத் தீர்மானமாக எழுதட்டும். அதை அடிவாரத்திலேயே, முதல் வளைவுக்கு முன்பே, ஒவ்வொரு வண்டிக்கும் கொடுக்கட்டும். அதை மாவட்ட நிர்வாகம் நிறைவேற்றித் தரட்டும். வாசிப்பவர் அதைத் தம் சுதந்திரத்துக்கு இட்ட தடையாகக் கொள்ள வேண்டாம். மலையில் வாழ்பவர்கள் தம்மை விருந்தினராக ஏற்பதற்குச் சொல்லும் நிபந்தனை அது. ஓரியின் முன் பாடிவிட்டுப் பெற்ற பாணர்கள் முதல், தவளை பிடித்த சிறுவன் வரை, இந்த மலைக்கு நல்ல விதமாக வந்துபோன எல்லோரும் ஏதாவதொரு நிபந்தனைக்கு உட்பட்டே வந்தார்கள். இன்றைய பயணிக்கு மட்டும் விலக்குத் தர ஒரு காரணமும் இல்லை.