கட்டாக்காலி மாடு யாருடைய விடயம்? நெடுங்கேணியில் ஒரு பிரதேச சபையின் அன்றாட அலுவல்கள்

வன்னியில் மாரி தொடங்கி வயல் விதைக்கப்பட்டதும் உள்ளூராட்சி மன்றங்களின் மாதாந்த அமர்வுகளில் தவறாமல் எழும் முறைப்பாடு ஒன்று உண்டு: கட்டாக்காலி மாடுகள். இரவில் தாருக்கு மேல் படுத்துக் கிடக்கும் மாட்டில் மோட்டார் சைக்கிள் மோதுகிறது. வேலி பாய்ந்த மந்தை ஒரே இரவில் பயிரைத் தின்று தீர்க்கிறது. உறுப்பினர் எழுந்து பேசுகிறார், தவிசாளர் நடவடிக்கை எடுப்பதாகச் சொல்கிறார், கூட்டறிக்கையில் இரண்டு வரி ஏறுகிறது. அடுத்த மாரியிலும் அதே இரண்டு வரி.

இதைச் சபைகளின் சோம்பலுக்குச் சான்றாகக் காட்டுவது எளிது. பத்திரிகைகள் அப்படித்தான் காட்டுகின்றன. ஆனால் அந்த மாட்டின் பின்னால் சற்றுத் தூரம் நடந்தால் வேறொன்று தெரியும். வீதியில் திரியும் மாட்டைப் பிடித்துக் கட்டவும் உரிமையாளரிடம் தண்டம் அறவிடவும் பிரதேச சபைக்குச் சட்டம் இடமளிக்கிறது. அதே மாடு வயலுக்குள் இறங்கிவிட்டால் அது கமக்கார அமைப்பின் பிரச்சினை. எந்தத் திகதிக்குள் மாடுகளை அப்புறப்படுத்த வேண்டும் என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டம் தீர்மானிக்கிறது. அப்புறப்படுத்துவது எங்கே? மேய்ச்சல் தரவைக்கு. தரவையாக ஒரு நிலத்தை ஒதுக்குவது பிரதேச செயலகத்தின் வேலை. அந்த நிலம் காடு என்று எல்லைக்கல் நடப்பட்டிருந்தால் வனவளத் திணைக்களம் சம்மதிக்க வேண்டும். ஆக, மாடு வீதியில் நிற்கும் நேரம் மட்டும் அது சபையின் மாடு. அது ஏன் வீதிக்கு வந்தது என்ற கேள்விக்குச் சபையிடம் அதிகாரம் இல்லை.

நெடுங்கேணியில் இருந்து இயங்கும் வவுனியா வடக்கு பிரதேச சபையை முன்வைத்து இக்கட்டுரை சொல்ல வருவது இதுதான்: உள்ளூராட்சி பற்றித் தமிழ்ப் பரப்பில் நிலவும் இரண்டு கருத்துகளும் போதாதவை. ‘குப்பையும் தெருவிளக்கும்தான் சபையின் வேலை, அங்கே அரசியல் எதற்கு’ என்பது ஒன்று. ‘இனப்பிரச்சினை தீராத நாட்டில் மதகும் கிரவலும் என்ன பெரிய விடயம்’ என்பது மற்றது. முதலாவதைக் கொழும்பு அதிகாரிகளிடம் மட்டுமல்ல, யாழ்ப்பாணத்துப் படித்தவர்களிடமும் கேட்கலாம். இரண்டாவது தேர்தல் மேடைகளில் கேட்பது. அன்றாடத்தையும் அரசியலையும் இரண்டாகப் பிரிக்கலாம் என்று இரு தரப்பும் நம்புகின்றன. நெடுங்கேணி போன்ற ஓர் இடத்தில் அந்தப் பிரிப்பு நிற்பதில்லை.

ஏ9 வீதியில் புளியங்குளத்தில் கிழக்கே திரும்பினால் வருவது நெடுங்கேணி. பிரதேச செயலகம், பிரதேச சபை இரண்டும் இங்கேதான். வடக்கே ஒட்டுசுட்டானும் முல்லைத்தீவும், கிழக்கே மணலாறு. 1997 மே மாதம் தொடங்கிய ‘ஜயசிக்குறு’ படை நடவடிக்கையில் ஊர் இராணுவத்திடம் போனது; 1999 நவம்பரில் விடுதலைப் புலிகள் மீட்டார்கள்; 2009க்குள் மீண்டும் கைமாறியது. மக்கள் திரும்பி வந்தபோது சபை ஏற்கவேண்டியிருந்தவை காடு மூடிய ஒழுங்கைகளும் தூர்ந்த கிணறுகளும்.

சட்டப்படி சபைக்கு வயது அதிகம், நடைமுறையில் குறைவு. கிராம சபைகளும் பட்டின சபைகளும் 1981இல் மறைந்து மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை உருவாக்கியது. 1991இல் அவற்றுக்கு நடந்த முதல் தேர்தலில் வடக்கு கிழக்கு இடம்பெறவில்லை. வன்னியின் உட்பகுதிகளில் போர் முடிந்த பிறகு, 2011இல்தான் பல சபைகளுக்கு வாக்களிக்கும் வாய்ப்பு வந்தது. கரைதுறைப்பற்றும் புதுக்குடியிருப்பும் 2018 வரை காத்திருந்தன. 2011இல் தெரிவான சபைகள் 2015இல் முடிந்தன. அடுத்த தேர்தல் 2018 பெப்ரவரி 10. அந்தச் சபைகளும் 2023 மார்ச்சில் காலாவதியாகின. அதே மார்ச்சில் நடக்கவேண்டிய தேர்தல், பணமில்லை என்ற காரணத்தோடு தள்ளிப்போனது. அதில் வாக்காளரின் அடிப்படை உரிமை மீறப்பட்டதாக 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாக்கெடுப்பு 2025 மே 6இல் நடந்தது. கூட்டிப் பார்த்தால் பதினான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் உறுப்பினர் இல்லாமலே சபைகள் இயங்கியிருக்கின்றன.

இந்த இடைவெளிகள் ஓர் ஆய்வாளருக்குக் கிடைத்த பரிசோதனை போன்றவை. உறுப்பினர் இல்லாத காலத்தில் என்ன நின்றது? குப்பை உழவு இயந்திரம் ஓடியது. வரிச் சிட்டை எழுதப்பட்டது. சபை நூலகம் திறந்தது. செயலாளர், தன் பொறுப்போடு சபையின் அதிகாரங்களையும் பிரயோகிக்கும் அலுவலராக, கட்டணங்களைத் தீர்மானித்து வர்த்தமானியில் அறிவித்தார். ‘பார்த்தீர்களா, உறுப்பினர்கள் இல்லாமலே எல்லாம் நடக்கிறதே’ என்பவர்களுக்கு இது வலுவான வாதம். அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

நின்றது வேறு. குடிமக்கள் கொடுக்கும் வரியை அவர்கள் தெரிவு செய்யாத ஒருவர் தீர்மானித்தார் என்பது ஒன்று. ஒரு வட்டாரத்தின் குறையை அதே வட்டாரத்தான் எழுந்து நின்று, பெயர் பதிவாகும்படி கேட்கும் இடம் இல்லாமல் போனது மற்றொன்று. சனசமூக நிலையத்தின் கடிதம் செயலாளரின் மேசைக்குப் போகும், பதிலும் வரலாம். ஆனால் அது பிரேரணை ஆகாது, விவாதம் ஆகாது, அடுத்த அமர்வில் ‘போன மாதத் தீர்மானத்துக்கு என்ன ஆயிற்று’ என்று கேட்க ஆளிராது.

சபையின் கையில் இருப்பது என்ன, இல்லாதது என்ன என்பதை இனிப் பார்க்கலாம். பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள், மக்களின் வசதியும் நலனும் என்று சட்டத்தின் 3ஆம் பிரிவு விரிவாகவே பேசுகிறது. நடைமுறையில் ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. சி, டி தர வீதிகள் மாகாணத் திணைக்களத்துடையவை. மிஞ்சும் ஒழுங்கைகளும் கிரவல் பாதைகளும் பிரதேச சபைக்கு. மின்கம்பம் மின்சார சபையுடையது, அதில் தொங்கும் விளக்கு பிரதேச சபையுடையது. யானை வேலி வனசீவராசிகள் திணைக்களத்துடையது. காட்டோர ஊர்களில் ஓர் உறுப்பினர் தெருவிளக்கு கேட்கும்போது பெரும்பாலும் அவர் மனதில் இருப்பது யானைதான். யானையைக் கேட்க வழியில்லாததால் விளக்கைக் கேட்கிறார்.

குளம் என்ற விடயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். வன்னியில் ஊர் என்றால் குளம். ஊர்ப் பெயர்களே சாட்சி. ஆனால் 80 ஹெக்டேயருக்குக் குறைந்த நிலத்துக்கு நீர் பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களங்களுக்கு. குளக்கட்டால் ஊருக்குள் போகும் பாதையில் கிரவல் போடுவது வரைதான் சபையின் கை நீளும். பாக்கு நீரிணைக்கு அப்பால் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. இந்திய அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணை ஊராட்சிகளுக்கென அடுக்கும் 29 விடயங்களில் சிறுபாசனமும் ஒன்று. அங்கே அந்த ஏரிகள் நன்றாகப் பராமரிக்கப்படுகின்றனவா என்பது தனிக் கேள்வி. ஆம் என்று எவரும் துணிந்து சொல்லமாட்டார். ஆயினும் யாரைத் திட்டுவது என்பதாவது அங்கே தெளிவு.

பணம் பற்றிச் சொல்லாமல் அதிகாரம் பற்றிப் பேச முடியாது. ஒரு தேநீர்க் கடையோ அரிசி ஆலையோ சபையிடம் பெறும் உரிமத்துக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது: இடத்தின் ஆண்டுப் பெறுமதி 750 ரூபாவுக்கு மேற்படாவிட்டால் 500 ரூபா, 1,500 வரை 750 ரூபா, அதற்கு மேல் எவ்வளவாயினும் 1,000 ரூபா. உரிமம் தேவைப்படாத வியாபாரங்களுக்கு வருமானத்தை வைத்து வரி. ஆண்டு வருமானம் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டினால் 3,000 ரூபா, அதோடு சரி. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நாடெங்கும் பிரதேச சபைகளின் வர்த்தமானி அறிவித்தல்களில் இதே எண்கள் அச்சாகி வந்தன. 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியபோதும் உரிமக் கட்டணம் அதே ஆயிரம் ரூபாதான். ஒரு பெட்டி நல்ல தெருவிளக்கு வாங்க எத்தனை தேநீர்க் கடைகள் வேண்டும் என்று நிதிக் குழு கணக்குப் பார்க்கட்டும்.

நகரச் சபைகளுக்குக் கைகொடுக்கும் இரண்டு வருமானங்கள் ஆதன வரியும் முத்திரைத் தீர்வையும். ஆதன வரி, அபிவிருத்தியடைந்ததாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் மட்டும் விதிக்கத்தக்கது. காணி கைமாறும்போது கட்டும் முத்திரைத் தீர்வை மாகாணத்தின் வழியாக அந்தப் பகுதிச் சபைக்கு வந்து சேரும். கொழும்புப் புறநகரில் இது பெரும் தொகை. வன்னியிலோ குடியேற்றக் காணிகள் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகள். அவற்றை நினைத்தபடி விற்க முடியாது. விற்காத காணிக்கு உறுதி எழுதுவாரில்லை. உறுதி இல்லாமல் தீர்வை இல்லை. காணி அரசின் கையில் இருப்பது ‘உயர் அரசியல்’ என்று பேசப்படுகிறது. நெடுங்கேணியில் அது மதகு கட்டக் காசில்லாமல் போகும் காரணங்களில் ஒன்று.

இந்த இடத்தில்தான் இரண்டாவது கருத்தும் இடறுகிறது. ஒலுமடுவுக்கு அப்பால் உள்ள வெடுக்குநாறி மலை, சபையின் எல்லைக்குள் இருக்கிறது. ஆதிலிங்கேசுவரர் ஆலயத்துக்குப் போகும் பாதையும் அங்கே தண்ணீர் வசதியும் சாதாரணமாகப் பார்த்தால் எந்தப் பிரதேச சபையும் ஒரு திருவிழாவுக்குச் செய்யும் ஏற்பாடுகள். ஆனால் மலை தொல்லியல் திணைக்களத்தின் கண்காணிப்பில், சூழ்ந்த நிலம் வனவளத் திணைக்களத்தின் பிடியில். 2024 மார்ச் 8, சிவராத்திரி இரவில் அங்கே வழிபாட்டுக்குப் போன எட்டுப் பேர் கைதானார்கள். தண்ணீர்ப் பவுசர் போகலாமா கூடாதா என்பதே அங்கே இனப்பிரச்சினையின் ஒரு வடிவம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை விட்டுவிடுவது நேர்மையாகாது. போருக்குப் பின் இதே பிரதேசத்தில் கலாபோகஸ்வெவ போன்ற சிங்களக் குடியேற்றங்கள் எழுந்தன. அவை எப்படி வந்தன, யாருடைய காணியில் வந்தன என்ற கேள்வி நியாயமானது, தீராதது. அந்த வாக்குகள் சபையின் ஆசனக் கணக்கையும் மாற்றின. ஆனால் அங்கிருந்து வரும் உறுப்பினர் அமர்வில் கேட்பதும் கிரவல், விளக்கு, யானை. குடியேற்றத்தின் சட்டபூர்வம் பற்றி ஒரு சொல் தீர்மானிக்கவும் சபைக்கு அதிகாரமில்லை. அங்கே வீதி போடும் கடமை மட்டும் உண்டு. எதைத் தடுக்க முடியவில்லையோ அதற்குச் சேவை செய்யும் பொறுப்பு தமிழ்த் தவிசாளர் ஒருவரின் மேசையில் விழுகிறது. உள்ளூராட்சி பற்றிய நூல்கள் இந்தச் சங்கடத்துக்கு இன்னும் ஓர் அத்தியாயம் எழுதவில்லை.

அன்றாடம் எவ்வளவு விரைவில் ‘தேசியப் பாதுகாப்பு’ ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணம் ஓர் உதாரணம் தந்தது. 2021 ஏப்ரலில் மாநகர சபை, தெருவில் குப்பை போடுவோரையும் துப்புவோரையும் கண்டு தண்டம் விதிக்க ஐந்து பேரை நீலச் சீருடையில் இறக்கியது. சீருடை விடுதலைப் புலிகளின் காவல்துறையை நினைவூட்டுகிறது என்று சொல்லி முதல்வர் வி. மணிவண்ணனைப் பயங்கரவாத விசாரணைப் பிரிவு கைது செய்தது. கொழும்பு மாநகர சபையின் ஊழியர் உடையைப் பார்த்தே தைத்தது என்றார் அவர். அன்றே பிணையில் வந்தார். வெற்றிலை துப்பலைத் துடைக்கப் போன சபை பயங்கரவாதப் பிரிவிடம் விளக்கம் சொல்லவேண்டியிருந்தது.

ஆனால் சபைகளின் பலவீனம் முழுவதையும் கொழும்பின் தலையில் போடவும் முடியாது. அதே யாழ்ப்பாணத்தில் 2020 டிசம்பரில் பாதீடு இரண்டு தடவை தோற்று இ. ஆர்னோல்ட் பதவியிழந்தார்; 2022 முடிவில் மணிவண்ணன் விலகினார்; 2023 ஜனவரியில் ஆர்னோல்ட் திரும்ப வந்தார். பாதீட்டின் எந்த ஒதுக்கீடு தவறு என்ற விவாதத்தை விட, எந்தக் கட்சி யாரை வீழ்த்தியது என்பதே செய்தியானது. பாதீடு என்பது சபையின் அன்றாடத்தில் மிக முக்கியமான ஆவணம். அதையே ஆள்மாற்றும் கருவியாக்கினால் மதகு எங்கே வரும்?

கையில் இருப்பதைப் பயன்படுத்தாமை இன்னொன்று. சட்டத்தின் 12ஆம் பிரிவு நான்கு குழுக்களைச் சொல்கிறது: நிதியும் கொள்கையும், வீடமைப்பும் சமுதாய அபிவிருத்தியும், தொழில்நுட்பச் சேவைகள், சூழலும் வசதிகளும். உறுப்பினர் அல்லாத பிரதேசவாசிகளையும் அவற்றில் சேர்க்கலாம். ஒரு மாட்டுப் பட்டிக்காரர், ஒரு கமக்கார அமைப்பின் செயலாளர், ஓர் ஓய்வுபெற்ற கிராம அலுவலர் சூழல் குழுவில் உட்கார்ந்தால் கட்டாக்காலி மாடு பற்றிய அந்த இரண்டு வரி கூட்டறிக்கை குறைந்தது ஒரு வரைபடமாகவாவது மாறும்: தரவை எங்கே இருந்தது, எல்லைக்கல் எங்கே விழுந்தது, எந்த ஆண்டில். 2018இன் இருபத்தைந்து சதவீத ஒதுக்கீடு, அதற்கு முன் நாடு முழுவதும் இரண்டு சதவீதமாக இருந்த பெண்களை உள்ளூர்ச் சபைகளுக்குள் கொண்டுவந்தது. கிணறும் மருந்தகமும் முன்பள்ளியும் குழுக்களின் நிகழ்ச்சி நிரலில் ஏறுவதற்கு அதுவும் ஒரு வாய்ப்பு.

அப்படி ஒரு வரைபடம் எவ்வளவு தூரம் போகும்? வனவளத் திணைக்களத்தின் எல்லையை ஒரு பிரதேச சபைத் தீர்மானம் நகர்த்தாது. மாகாண சபை இருந்தால் அந்தத் தீர்மானத்தை ஒரு படி மேலே கொண்டு செல்ல ஒரு மன்றம் இருக்கும். 2013 செப்டெம்பரில் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்த பிறகு அந்தப் படியில் ஆளுநரும் அதிகாரிகளுமே இருந்துவருகிறார்கள். ஆனாலும் தகவல் அறியும் சட்டம், 2016இன் 12ஆம் இலக்கம், கூட்டறிக்கைகளையும் பதில் கடிதங்களையும் எவரும் கேட்டுப் பெற வழிசெய்திருக்கிறது. திகதியோடும் காணித் துண்டின் பெயரோடும் எழுதப்பட்ட ஒரு தீர்மானம் வழக்கறிஞரின் கோவையில் சேரும். ‘கட்டாக்காலி மாடுகள் தொடர்பில் நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற வரி எங்கும் சேராது.

2025 ஜூனில் புதிய உறுப்பினர்கள் பதவியேற்றார்கள். ஒவ்வோர் ஆண்டும் முடிவதற்குள் தவிசாளர் அடுத்த ஆண்டின் பாதீட்டை முன்வைக்கவேண்டும். அதில் கட்டாக்காலி மாடு பிடிப்பதற்கு வழமைபோல் ஒரு சிறு தொகை இருக்கும். தரவைக்கு ஒரு தலைப்பு திறக்கும் அதிகாரம் இல்லாவிட்டாலும், தரவையை அளந்து பதிவதற்கு ஒரு தலைப்பு திறக்க எந்தச் சட்டமும் தடையில்லை.