மகோதரமும் ஹார்மோன்களும்

மகோதரம் அல்லது பெருவயிறு என்பது வயிற்றறைக்குள் நீர் கோத்துக்கொள்ளும் நிலை. கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ் நோயே இதற்கு முதன்மைக் காரணம். கோத்த நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 8 கிராம் உப்பு கரைந்திருக்கும். சிறுநீரில் போயிருக்க வேண்டிய இந்த உப்பை உடல் ஏன் பிடித்துவைக்கிறது என்பதே இந்நோயின் மையக் கேள்வி.

கேள்வி பிறக்கும் முன்பே சிகிச்சை இருந்தது. சரக சம்ஹிதை இந்நோயாளிக்கு உப்பை விலக்கிப் பாலைக் கொடுக்கச் சொல்கிறது. சுசுருத சம்ஹிதை, நெல்மணியின் முனையைப் போன்ற கருவியால் வயிற்றைத் துளைத்துக் குழாய்வழி நீரை இறக்கும் முறையை விவரிக்கிறது. முழுவதையும் ஒரே நாளில் இறக்கக் கூடாதென எச்சரிக்கவும் செய்கிறது.

சிரோசிஸ் என்ற பெயரை 1819-இல் பிரெஞ்சு மருத்துவர் லேனெக் இட்டார். பழுப்பு மஞ்சளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் வேர். 1896-இல் உடலியலாளர் ஸ்டார்லிங், இரத்தக் குழாயின் அழுத்தமும் இரத்தப் புரதத்தின் ஈர்ப்பும் நீர்க்கசிவைத் தீர்மானிப்பதாகக் காட்டினார். நீர் எங்கே கசிகிறது என்பது இதனால் விளங்கியது. சிறுநீரில் உப்பே இல்லாமற் போவது விளங்கவில்லை.

1953-இல், பின்னாளில் தம்பதியரான சிம்ப்சனும் டெய்ட்டும் ரைக்ஸ்டைன் குழுவினருடன் சேர்ந்து அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைப் பிரித்தெடுத்தனர். அட்ரினல் சுரப்பியில் ஊறும் இது, சோடியத்தைத் திரும்ப உறிஞ்சும்படி சிறுநீரகத்தை ஏவுகிறது. மகோதர நோயாளிகளிடம் இது மிகுந்திருப்பது விரைவிலேயே தெரிந்தது. அதன் செயலைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் 1950-களின் இறுதியில் வந்தது.

அந்த ஹார்மோன் ஏன் மிகுகிறது என்பதில்தான் நீண்ட வழக்கு. நீர் வயிற்றுக்குப் போய்விடுவதால் இரத்தம் குறைகிறது என்றது பழைய கொள்கை. அளந்து பார்த்தால் பல நோயாளிகளிடம் இரத்த அளவு கூடியே இருந்தது. எனவே சிறுநீரகமே முதலில் உப்பைப் பிடிக்கிறது என்றது அடுத்த கொள்கை. 1988-இல் ஷ்ரையரும் உடனாய்வாளர்களும் இரண்டையும் இணைத்தனர்: குடற்பகுதித் தமனிகள் விரிந்துவிடுவதே தொடக்கம். கல்லணையை அடுத்த பூதலூர்ப் பகுதியினருக்கு இதை விளக்குவது எளிது. தலைமடை வாய்க்கால் அகன்று நீரை உள்வாங்கிக்கொண்டால், ஆற்றில் நீர் இருந்தும் கடைமடை காயும். கடைமடையின் முறையீட்டை மட்டும் கேட்கும் உடல், ரெனின், ஆஞ்சியோடென்சின், அல்டோஸ்டிரோன் ஆகியவற்றைத் திறந்துவிட்டு உப்பைச் சேர்க்கிறது. நோய் முற்றும்போது வாசோபிரெசின் என்ற ஹார்மோனும் மிகுந்து நீரைத் தனியே தேக்குகிறது. அப்போது உடலில் உப்பு மிகுந்திருந்தும் இரத்தப் பரிசோதனையில் சோடியம் குறைவாகத் தெரியும். இதயம் சுரக்கும் உப்பு நீக்கி ஹார்மோன் கூடினாலும் இவற்றை எதிர்த்து வெல்வதில்லை. தமனி விரிவில் நைட்ரிக் ஆக்சைடுக்குப் பெரும் பங்குண்டு.

இன்றைய சிகிச்சை இந்த ஹார்மோன் விளக்கத்தையொட்டியே அமைகிறது. உப்பு நாளுக்குச் சுமார் 5 கிராம். ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர்மிளகாய் இருக்கும் இலையில் இது எளிதன்று. இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே என்பதால் அதற்கு மாறிப் பயனில்லை. ஸ்பைரனோலாக்டோன் 100 மில்லிகிராமுக்கு ஃபுரோசமைட் 40 என்ற விகிதத்தில் மாத்திரைகள் தொடங்கப்படுவது வழக்கம். முன்னது பொட்டாசியத்தை உடலில் தங்கவைப்பதால், குளிர்ச்சி என்று நம்பிப் பருகும் இளநீரும் அளவு மீறினால் ஆபத்தாகலாம். ஐந்து லிட்டருக்கு மேல் நீர் இறக்கும்போது லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் அல்புமின் என்ற இரத்தப் புரதம் சிரைவழி ஏற்றப்படுகிறது. ஏற்றாவிட்டால் சுற்றோட்டம் தளர்ந்து ரெனினும் அல்டோஸ்டிரோனும் மீண்டும் எழும்பி, வயிறு விரைவில் நிறையும்.